எட்டாம் வீட்டில் நான் வைத்த செவ்வாய்

என் மூத்த மகளின் பிறந்த நேரத்தை நான் பொய்யாகச் சொன்னேன். காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்குப் பிறந்தவளை எட்டு மணி இருபதுக்குப் பிறந்தவளாக்கினேன். அவளுக்கு வந்த ஒரு கலியாணப் பேச்சை நிறுத்துவதற்காகவே அதைச் செய்தேன். பேச்சு நின்றது. அதற்குப் பின் வந்தவையும் நின்றன. அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. கலியாணம் நடக்கவில்லை.

இதில் யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். அது அவள் வைத்த நிபந்தனை. "எழுதுறதெண்டா எழுதுங்க, பேர் ஒண்டும் வேணாம்" என்றாள். ஆகவே அந்த இத்தாலியரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பீசாவில் ஓர் இசைக்காரருக்கு மகனாகப் பிறந்து, வைத்தியம் படிக்கப் போய் அதை விட்டுவிட்டுக் கணிதத்துக்கு வந்து, தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பியவர் என்றால் வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்தக் கதையில் அவருக்கும் பங்குண்டு. அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் இதைச் செய்தேன். அந்தப் புத்தகத்துக்காகத்தான் செய்தேன் என்றும் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பழி புத்தகத்தின் மேல் போய்விடும்.

எங்கள் வீடு களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் வாவிக்கரையில் இருக்கிறது. என் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. இங்கே வீடு பெண்பிள்ளைகளுக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் பெற்றோர் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் ஒரு சிறு வீடு போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். மருமகன் வந்து குடியிருப்பார். என் மனைவியின் பெற்றோரும் எனக்காக அப்படித்தான் வெளியேறினார்கள். மாமனார் தன் சாய்மனைக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு பின்வளவுக்குப் போனது கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு அது எனக்கு இயல்பாகவே பட்டது.

முன் அறையின் சன்னல் மேற்கே வாவியைப் பார்த்திருக்கும். அந்திப் பொழுதில் வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்கு மேலே வெள்ளி தெரியும். ஒரு கப்பற்காரரிடம் வாங்கிய பித்தளைத் தொலைநோக்கி ஒன்று என்னிடம் இருந்தது. மூத்தவளுக்கு ஆறேழு வயதிருக்கும்போது கதிரையில் ஏற்றி நிறுத்தி அதில் வெள்ளியைக் காட்டினேன். "அப்பா, இது வெள்ளியில்ல, சின்னப் பிறை" என்றாள். அந்த இத்தாலியரும் அதைத்தான் கண்டார். வெள்ளி நிலவைப் போலத் தேய்ந்து வளர்கிறது. அப்படியானால் அது சூரியனைச் சுற்றுகிறது. ஒரு நூற்றாண்டுச் சண்டையின் சாட்சி அந்தச் சின்னப் பிறையில் இருந்தது. இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். சன்னலை விட்டு இறங்க அவளுக்கு மனமில்லை. சமையலறையிலிருந்து தாய் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மனைவி புற்றுநோயில் போனாள். மூத்தவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இளையவள் சில வருடங்களில் படிக்கவென்று வெளிநாடு போய், தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். வீட்டில் நானும் மூத்தவளும். அவள் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். வேலை முடிந்து வந்து குளித்து, தேத்தண்ணீர் ஊற்றித் தந்து, மேசைக்கு மறுபக்கம் அமர்ந்து என் பக்கங்களைப் படியெடுப்பாள். என் கையெழுத்தை அச்சுக் கோப்பவர் எவரும் வாசிக்கமாட்டார். அவளுடையது வரம்பு போட்ட வயல் போலிருக்கும். மின்சாரம் இல்லாத நாட்கள் அதிகம். மண்ணெண்ணெய் விளக்கை அவள் பக்கமாகத் தள்ளி வைப்பேன். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல இதிலே அது ஒன்றுதான் இருக்கிறது.

ஒருநாள் அவள் பேனையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இவருக்கு ரெண்டு பொம்புளப் புள்ளயள் எண்டு போட்டிருக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வரிதானா?"

"வேறென்ன எழுத? மடத்தில சேர்ந்தாங்க. அவ்வளவுதான்."

"சேர்ந்தாங்களா, சேர்த்தாரா?"

"அந்தக் காலத்து வழக்கம் மனே. தாயை அவர் முறையாக் கலியாணம் முடிக்கல்ல. அந்தப் புள்ளயளை ஆர் கேட்டு வருவாங்க?"

"அப்ப பிழை அவர்ரதானே" என்றாள். பிறகு அந்த வரியை அழகாகப் படியெடுத்தாள். "அவருடைய புதல்வியர் இருவரும் கன்னியர் மடத்தில் சேர்ந்தனர்." அச்சிலும் அப்படியே வந்தது.

அவளுக்கு இருபத்தேழு வயதானபோது சித்தாண்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. கந்தோர் வேலையாக இரண்டு மூன்று தடவை செயலகத்துக்கு வந்தபோது இவளைக் கண்டிருக்கிறார். தாய்வழிக் குடி வேறு, அதனால் தடையில்லை. அவருடைய தாயும் தாய்மாமனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கிரான் பக்கத்து வட்டையில் வயல் செய்கிற குடும்பம். அந்தத் தாயை எனக்குப் பிடித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சேர், நாங்க வயல்காரர். எங்களுக்கு நேரமெண்டா விடியிறதும் பொழுது படுறதும்தான்" என்றார் அவர். "அண்ணன்தான் சாதகம், குறிப்பு எண்டு நிக்கிறார்."

"இவட கலியாணத்துக்குக் குறிப்புப் பாக்கல்ல சேர்" என்றார் தாய்மாமன். "அதுதான் மச்சான் இண்டைக்கும் அழுறார்."

"அவர் அழுறது உங்களோட கடதாசி விளையாடித் தோத்து."

மகள் பலகாரத் தட்டோடு வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போனாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இந்த வீட்டில் வேறு மனிதரோடு சிரிக்கப் போகிறாள். நான் மாமனாரைப் போலக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போக வேண்டும். அங்கே வாவி தெரியாது. புத்தகம் பாதியில் நிற்கும். யார் படியெடுப்பது? அந்த நிமிடத்தில் நான் நினைத்தவை இவைதான். அவளுடைய வாழ்வைப் பற்றி நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அவள் பிறந்தபோது எழுதிய குறிப்பு, யுத்தத்தால் நாங்கள் இடம்பெயர்ந்து படுவான்கரையில் இருந்த மாதங்களில் கறையானுக்குப் போய்விட்டது. ஓடும்போது நான் எடுத்துக்கொண்டது என் கையெழுத்துப் பிரதிகளையும் நாட்குறிப்புகளையும்தான். ஆகவே புதிதாக எழுத வேண்டியிருந்தது. எழுதித் தருகிறவர் எங்கள் ஊர்ச் சாத்திரியார். நானோ சாதகம் பொய்யென்று சொல்லித் திரிகிறவன், கட்டுரை எழுதுகிறவன். ஆனாலும் அவருக்கு என் மேல் பெரிய மதிப்பு. இரண்டு பஞ்சாங்கங்கள் முரண்பட்டால் கோள் எங்கே நிற்கிறதென்று என்னிடம் வந்து கேட்டுப் போவார். "சேர் நம்பமாட்டார், ஆனா பிழை விடமாட்டார்" என்று மற்றவர்களிடம் சொல்வாராம்.

அடுத்த நாள் பின்னேரம் முன் அறையைச் சாத்திக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அவள் பிறந்த நேரத்துக்குச் செவ்வாய் ஒன்பதாம் வீட்டில் எவருக்கும் தொல்லையில்லாமல் இருந்தது. நேரத்தை இரண்டு மணித்தியாலம் பிந்தினால் லக்கினம் ஒரு ராசி தள்ளும். செவ்வாய் எட்டாம் வீட்டுக்கு வந்துவிடும். எட்டில் செவ்வாய் நிற்கும் பெண்ணைக் கட்டினால் புருஷன் தங்கமாட்டான் என்பது இங்குள்ள நம்பிக்கை. அதே மேசையில், அதே நாளில், அந்த இத்தாலியரின் விசாரணை அத்தியாயம் பாதி எழுதியபடி கிடந்தது. எழுபதை எட்டிய மனிதர் முழந்தாளிட்டு, பூமி அசையாது என்று தான் நம்பாத ஒன்றை வாயால் சொல்கிற இடம். அவர் உயிருக்குப் பயந்து சொன்னார். நான் ஓர் அறைக்காகச் சொல்லப் போனேன்.

அவரும் சாதகம் கணித்தவர்தான். கல்லூரிச் சம்பளம் போதாத காலத்தில் பிரபுக்களுக்குக் கணித்துக் கொடுத்தார். நீண்ட ஆயுள் உண்டென்று அவர் சொன்ன ஒரு பெரிய பிரபு அதிக காலம் இருக்கவில்லை. தன் மகள்மாருக்கும் பிறந்தவுடன் கணித்து வைத்தார். ஆனால் அந்தப் பிள்ளைகளின் நேரத்தை அவர் மாற்றியதாக எங்கும் நான் வாசிக்கவில்லை.

சாத்திரியார் வீட்டு விறாந்தையில் வைத்து எட்டு இருபது என்றேன். அவர் கட்டம் கீறினார். கிரகங்களைப் போட்டுக்கொண்டு வந்தவரின் கை ஓரிடத்தில் நின்றது.

"சேர், செவ்வாய் எட்டில விழுகுது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நேரம் சரிதானே? கொஞ்சம் முன்பின்னா இருக்குமா? ஒரு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம்..."

அந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்து வைத்தார். முன்னே என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

"டயரியில எழுதி வச்சிரிக்கன். சரியான நேரம்" என்றேன்.

"அப்ப சரி. நீங்க சொன்னாப் பிறகு யோசிக்க ஒண்டுமில்ல" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பிள்ளைக்காகக் கலங்கினார்.

சித்தாண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். மகளிடம் நானே சொன்னேன். "செவ்வாய்க் குற்றமாம், அவங்க பயப்பிடுறாங்க" என்றேன். என் குரலில் பரிகாசம் இருந்தது. மூடநம்பிக்கைக்காரர்கள் என்று அவர்களைப் பழிப்பதுபோல் பேசினேன்.

"எத்தின மணிக்கு எண்டு சொன்னீங்க?"

"எட்டு இருபது."

"ம்" என்றாள். பிறகு அன்றைய பக்கங்களைக் கேட்டாள்.

ஒரு வருடம் தள்ளிப் போனால் போதும், புத்தகம் முடிந்துவிடும், அதன் பிறகு நல்ல இடமாகப் பார்த்து முடித்து வைக்கலாம் என்பதே என் கணக்கு. ஒரு குறிப்பு ஊருக்குள் போனால் திரும்பி வராது என்பதை நான் யோசிக்கவில்லை. அடுத்து கல்முனைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சாத்திரியாரிடம் விசாரித்துவிட்டு எங்கள் வீட்டுப் படலைக்கே வரவில்லை. இன்னொரு பக்கமிருந்து, அதே குற்றமுள்ள மாப்பிள்ளை என்று, இரண்டு தரம் தாரமிழந்த ஒருவரைப் பேசி வந்தார்கள். மகள் முதல் முறையாகக் குரலை உயர்த்தி வேண்டாமென்றாள். நேரம் பிழையென்று நான் அப்போது சொல்லியிருக்க முடியும். சொன்னால் நான் யாரென்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் சொல்வது முந்திய வருடத்தை விடக் கடினமாயிற்று.

புத்தகம் வந்தது. கொழும்பில் ஒரு விழா வைத்தார்கள். முன்னுரையில் படியெடுக்க உதவிய என் மகளுக்கு நன்றி என்று எழுதியிருந்தேன். அதுவும் ஒரு வரி.

பிறகு இருபத்தைந்து வருடம் போனது. என் இரண்டு கண்களிலும் அழுத்தம் கூடி, இப்போது ஓரங்கள் இருண்டு நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெரிகிறது. தொலைநோக்கியால் பார்ப்பதுபோலத்தான் எதையும் பார்க்கிறேன். அந்த இத்தாலியரும் கடைசியில் கண்பார்வை இல்லாமல்தான் இருந்தார். என்னைப் பார்க்க வருகிறவர்கள் இதைச் சொல்லி என்னை உயர்த்துவார்கள். எனக்குக் கூசும்.

போன வருடம் இளையவள் ஒரு ஆங்கிலப் புத்தகம் அனுப்பினாள். அந்த இத்தாலியரின் மூத்த மகள் மடத்திலிருந்து தகப்பனுக்கு எழுதிய கடிதங்கள். என்னால் வாசிக்க முடியாது. மகள் காலையில் வேலைக்குப் போகுமுன் எனக்கு ஒரு கடிதம் வாசித்துத் தமிழில் சொல்வாள். அந்த மகள் தகப்பனின் கழுத்துப்பட்டிகளைத் தைத்து வெளுத்து அனுப்புகிறாள். பழங்களைப் பாகு காய்ச்சி அனுப்புகிறாள். மடத்து மணிக்கூடு ஓடவில்லை, திருத்தித் தாருங்கள் என்று கேட்கிறாள். அவருடைய எழுத்துகளைப் படியெடுத்துக் கொடுக்கிறாள். விசாரணை முடிந்து, கிழமைக்கொரு தடவை அவர் சொல்ல வேண்டுமென்று விதித்த தண்டனைச் செபங்களை அவருக்குப் பதிலாகத் தானே சொல்கிறேன் என்கிறாள். அவர் வீடு திரும்பிச் சில மாதங்களில் நோயில் இறந்துபோகிறாள். முப்பத்து மூன்று வயது. அவர் அவளுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் இன்றைக்கு இல்லை.

செபத்தைப் பற்றிய கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு மகள் புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"இவ்வளவும் செஞ்சிரிக்கா. நீங்க ஒரு வரியில விட்டிட்டீங்க அப்பா" என்றாள். குற்றம் சாட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்போது சொல்லிவிட்டேன். நேரத்தை, கணக்கை, சாத்திரியார் கேட்டதை, ஏன் செய்தேன் என்பதை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். என் பார்வை வட்டத்துக்குள் அவளுடைய கைகள் மட்டும் இருந்தன. புத்தகத்தின் மூலையை மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தன. நான் முடித்ததும் அவை நின்றன.

"ஆறு இருபதா?"

"ஓம்."

"அம்மா அப்பிடித்தான் சொன்னவ. கோயில்ல காலப் பூசை மணி அடிக்கக்குள்ள பிறந்த நீ எண்டு எத்தின தரம் சொல்லியிரிக்கா. எட்டு இருபதுக்கு என்ன பூசை?" அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் அம்மாக்குத்தான் பிழைச்சுப் போச்செண்டு நினைச்சன் அப்பா. நோய் வருத்தத்தில மாறிச் சொல்லிட்டா எண்டு. நீங்க நேரத்தில பிழை விடமாட்டீங்கதானே."

எழுந்து புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஒருநாளும் அவள் பிந்திப் போனதில்லை. அன்று பிந்தினாள்.

அவள் அழுதிருந்தால், ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. கண்மருந்து நேரத்துக்கு விடப்பட்டது. கடிதம் வாசிப்பது மட்டும் நின்றுவிட்டது.

நான் செய்யக் கூடியதைச் செய்ய முயன்றேன். நொத்தாரிசு ஒருவரை வரவழைத்து வீட்டில் எனக்கிருந்த பங்கை அவள் பெயருக்கு உறுதி எழுதினேன். இளையவளும் சம்மதித்துக் கடிதம் அனுப்பினாள். பின்வளவில் மாமனார் இருந்த சிறு வீட்டைத் திருத்தி, என் கட்டிலையும் கதிரையையும் அங்கே கொண்டுபோகச் செய்தேன். இருபத்தொன்பது வருடம் பிந்தி, கலியாணம் இல்லாமல், வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். அவள் மறிக்கவில்லை. வாசலில் நின்று பார்த்தாள். "அந்தப் பக்கம் மழைக்கு ஒழுகும்" என்று மட்டும் சொல்லி, அடுத்த நாள் ஓடு மாற்ற ஆளனுப்பினாள்.

சாத்திரியார் எப்போதோ காலமாகிவிட்டார். அவரிடம் சொல்ல வழியில்லை. சித்தாண்டிக்கு ஓர் ஓட்டோ பிடித்துப் போனேன். மாப்பிள்ளையாக வர இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். தலை முழுக்க நரை என்று குரலிலேயே தெரிந்தது போலிருந்தது. தனியாகப் பேச வேண்டும் என்றேன்.

"இவவும் இருக்கட்டும், சொல்லுங்க சேர்" என்று மனைவியையும் இருத்திக்கொண்டார்.

சொன்னேன். அவருடைய மனைவிதான் முதலில் சொன்னார், "அப்ப நான் இந்த வீட்டில சமைச்சுக் கொட்டுறது உங்கட கணக்காலயா சேர்? நல்லாக் கணக்குப் பாத்தீங்க." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். கணவர் சிரிக்கவில்லை.

"அம்மா சாகுமட்டும் சொல்லுவா, நல்ல புள்ள, அதிட்டம் இல்லாத புள்ள எண்டு" என்றார். "அவ சாத்திரத்துக்குப் பயந்தவ இல்ல சேர். நீங்க சொன்ன நேரம் எண்டதாலதான் மாமாவும் அவவும் நம்பினவங்க." தேத்தண்ணீர்க் கோப்பையை என் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டார். "இனி இதை ஊருக்குச் சொல்லித் திரியாதீங்க. ஒருக்கா அவட பேரை ஊர் வாயில போட்டிட்டீங்க. ரெண்டாம் தரமும் போடாதீங்க."

இதை வந்து மகளிடம் சொன்னபோதுதான் பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையை அவள் வைத்தாள். அவர் எப்படியிருக்கிறார் என்று கேட்கவில்லை.

அந்த இத்தாலியரின் மகளைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். தடித்த பேனையால், பக்கத்துக்குப் பத்து வரியாக. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்குமென்று தெரியும். அத்தியாயத்தை முன் வீட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தேன். படியெடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. தூசி தட்டப்படுகிறது, அதனால் அவள் கை அதன் மேல் படுகிறதென்று தெரியும்.

போன மாதம் அவளுடைய பிறந்தநாள். அவள் பிறந்தநாள் கொண்டாடுகிறவள் அல்ல. அன்று விடியப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. கோயிலில் காலைப் பூசை மணி அடித்தபோது என் மணிக்கூட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். ஆறு இருபதுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

திரும்பி வந்தவள் நேரே பின்வளவுக்கு வந்தாள். வாழையிலைத் துண்டில் கோயில் பொங்கல் புக்கையை என் முன்னால் வைத்தாள். இன்னும் சுட்டது.

"அம்மாட்ட மன்னிப்புக் கேட்டிட்டு வந்தன்" என்றாள்.

நான் வாயெடுத்தேன். "சாப்பிடுங்க, ஆறப் போகுது" என்று சொல்லிவிட்டு, கண்மருந்துப் போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்தி எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று பார்த்தாள். பிறகு வேலைக்குப் போக உடுப்பு மாற்ற முன் வீட்டுக்குப் போனாள்.